ஒற்றைச் சாவியோடு ஓடும் கார்: ஷோரூமா, சாவிக் கடையா, ஆன்லைனா?

பழைய கார் வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இரண்டு எப்போதும் ஜோடியாகவே வரும். "வண்டியோடு ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள், இன்னொன்று எங்கே போடுவது?" என்பது முதல் கேள்வி. அடுத்த வரியிலேயே, "அப்படியே ஒரு டச் ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, நல்ல ஹெட்லைட் பல்பு போடலாம் என்று இருக்கிறேன், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாமா?" என்று கேட்பார்கள்.

ஒரே இடத்தில் முடிக்க வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். சாவி விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது, வண்டியின் கம்ப்யூட்டருக்குள் யார் கை வைக்கிறார்கள், அதற்கு என்ன ரசீது கொடுக்கிறார்கள் என்பது. ஸ்டீரியோ, கேமரா விஷயத்தில் பார்க்க வேண்டியது, ஒயரை வெட்டுகிறார்களா இல்லையா என்பது. இரண்டும் வேறு வேறு திறமை, வேறு வேறு ஆள். முதலில் சாவியை முடிப்போம். கையில் ஓடும் சாவி ஒன்று இருக்கும்போதே முடிப்பது ரொம்ப முக்கியம். ஏன் என்பது கீழே வருகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. என் வரிசை இது:

கையில் எத்தனை சாவி ஓடுகிறது? ஒன்று இருந்தால் அது "சாவி சேர்க்கும்" வேலை. ஒன்றுமே இல்லை என்றால் அது "எல்லாச் சாவியும் தொலைந்த" வேலை. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

எந்த வகைச் சாவி? வெறும் உலோகச் சாவியா, தலைக்குள் சிப் உள்ளதா, ரிமோட் பட்டனும் சேர்ந்ததா, பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் புஷ் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் கீயா?

வாரன்டி மிச்சம் இருக்கிறதா?

கம்பெனி இன்னும் இந்தியாவில் வண்டி விற்கிறதா? ஷெவர்லே 2017 கடைசியோடு விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு.

பழைய சாவிகள் அழிக்கப்படுமா? செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இது உயிர்நாடி. முந்தைய உரிமையாளரிடமோ நடுவில் இருந்த புரோக்கரிடமோ ஒரு சாவி இன்னமும் இருக்கலாம்.

ரசீது கிடைக்குமா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் கேட்பவற்றில் ஆர்.சி.யோடு சேர்த்து வண்டியின் எல்லாச் சாவிகளும் உண்டு. "இரண்டாவது சாவி எங்கே?" என்ற கேள்விக்கு உங்களிடம் தாள் எதுவும் இல்லை என்றால் க்ளெய்ம் இழுபறியில் மாட்டும். வண்டி வாங்கும்போதே "ஒரு சாவிதான் பெற்றுக்கொண்டேன்" என்று விற்றவரிடம் எழுதி வாங்குங்கள். பிறகு போட்ட சாவிக்கு பில் வைத்திருங்கள். இந்த இரண்டு தாளும் ஆர்.சி. நகலோடு ஒரே கவரில் இருக்கட்டும்.

## சாவியின் தலைக்குள் என்ன இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

இக்னிஷனில் சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையை வீசும். சாவித் தலைக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி கிடையாது. அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் சரியென்றால்தான் எஞ்சின் ஓட அனுமதி கிடைக்கும். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அல்லது பிடித்த உடனே அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மின்னும். இதுதான் இம்மொபிலைசர். மாருதியில் இதை ஐகேட்ஸ் என்பார்கள்.

ரிமோட் பட்டன் தனிக் கதை. அதற்குத்தான் பொத்தான் பேட்டரி வேண்டும், பெரும்பாலும் சி.ஆர். 2032 அல்லது அதன் தம்பிகள். பேட்டரி தீர்ந்தால் கதவு பட்டனில் திறக்காது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகும். "ரிமோட் வேலை செய்யவில்லை, புதுச் சாவி போட வேண்டும்" என்று சொல்பவர்கள் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

ஆக ஒரு நவீன சாவிக்கு மூன்று வேலை: உலோகப் பகுதியை வெட்டுவது, சிப்பை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவது, ரிமோட்டைப் பதிவது. யாராவது "சாவி 500 ரூபாய்" என்றால், இந்த மூன்றில் எது எது என்று கேளுங்கள்.

## ஷோரூம் சர்வீஸ் சென்டர்

இங்கே சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனியிலிருந்தே சாவி வரும். புது வண்டியோடு சாவி எண் பொறித்த சின்ன அட்டை அல்லது உலோகத் தகடு ஒன்று தருவார்கள்; அது இருந்தால் வேலை சுலபம். ஃபியட் வண்டிகளோடு கோட் கார்டு என்றே ஒன்று வரும். பழைய வண்டி வாங்கும்போது ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எண்ணிப் பார்க்கிறோம், இந்தத் தகட்டை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

ஆர்.சி., அடையாள அட்டை நகல், முன்பணம் எல்லாம் கேட்பார்கள். உங்கள் பெயருக்கு ஆர்.சி. மாறியிருக்காவிட்டால் பல இடங்களில் ஆர்டரையே எடுக்க மாட்டார்கள். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. உங்கள் வண்டிக்கு வேறு ஒருவர் போய் சாவி வாங்க முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். சாவி வந்து சேர சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். பதிவு செய்யும் அன்று வண்டியைக் கொண்டுபோக வேண்டும்.

செலவு? சிப் வைத்த சாதாரணச் சாவிக்கு ஏறக்குறைய 3,000 முதல் 8,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஸ்மார்ட் கீ என்றால் 10,000 ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். மாடலுக்கு மாடல் மாறும், அதனால் போனில் கேட்காமல் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். எஸ்டிமேட்டில் சாவி விலை, பதிவுக்கூலி, வரி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். சாவி விலையை மட்டும் சொல்லிவிட்டுப் பதிவுக்கூலியைக் கடைசியில் சேர்ப்பது நடக்கிறது.

மறைந்திருக்கும் பெரிய செலவு ஒன்று உண்டு. எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் சில சர்வீஸ் சென்டர்கள் லாக் செட் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள்: இக்னிஷன், கதவுகள், டிக்கி, சில வண்டியில் பெட்ரோல் டேங்க் மூடி வரை. கூடவே வண்டியை அங்கே கொண்டுபோக டோ வண்டிச் செலவு. காவல் நிலையப் புகார் ரசீதும் கேட்பார்கள். பாலிசியில் சாவி மாற்றும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தச் செலவு பெருமளவு கிடைக்கும். சாதாரண பாலிசியில் கிடைக்காது.

இது யாருக்கு: வாரன்டி மிச்சம் உள்ளவர்கள், புஷ் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள், லோனில் வண்டி ஓட்டுபவர்கள். முந்தைய உரிமையாளர் யாரென்றே சரியாகத் தெரியாத செகண்ட் ஹேண்ட் வண்டிக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

## தனிச் சாவிக் கடை

சாவி வெட்டும் பழைய கடைகளில் சில இப்போது புரோகிராமிங் மெஷினும் வைத்திருக்கின்றன. வீட்டுக்கே வந்து செய்பவர்களும் உண்டு. நல்ல கைகாரர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும். பழைய சாவியையும் இன்னும் வெட்டாத புதுச் சாவியையும் பக்கம் பக்கமாக இறுக்குவார். ஒரு முனை பழைய சாவியின் பள்ளத்தில் தடவிக்கொண்டே போக, மறுமுனை புதுச் சாவியில் அதே பள்ளத்தை வெட்டும். வெட்டிய பிசிறைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, முதலில் கதவில்தான் போட்டுப் பார்ப்பார், இக்னிஷனில் இல்லை. சிக்கினால் கதவு லாக்கோடு போகட்டும் என்ற முன்ஜாக்கிரதை. பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் மெஷினைச் செருகி, ரகசிய எண்ணை (PIN) கொடுத்து, ஒவ்வொரு சாவியாக இக்னிஷனில் போட்டு ஆன் செய்வார். டேஷ்போர்டில் மின்னிக்கொண்டிருந்த விளக்கு அணைந்தால் சாவி பதிவாகிவிட்டது.

"ஒவ்வொரு சாவியாக" என்பதைக் கவனியுங்கள். ஹூண்டாய் போன்ற பல வண்டிகளில் புதுச் சாவி பதியும்போது பழைய பதிவு முழுக்க அழியும். அப்போது கையில் உள்ள சாவிகள் எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். வீட்டில் ஒரு சாவியை மறந்து வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது எஞ்சினைக் கிளப்பாது. இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். முந்தைய உரிமையாளர் கையில் சாவி இருந்தாலும் அது செத்துவிடும். ஆனால் ஒன்று: அதன் உலோகப் பகுதி கதவை இன்னமும் திறக்கும். அதைத் தடுக்க லாக்கையே மாற்றினால்தான் உண்டு.

விலை ஷோரூமில் பாதி அளவுக்கு இருக்கும். சாதாரண சிப் சாவி 1,500 முதல் 4,000 ரூபாய்க்குள் முடிகிற வண்டிகள் நிறைய. ஓடும் சாவி கையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையும் முடியும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. எல்லாச் சாவியும் தொலைந்த வண்டியில் சில மாடல்களுக்கு ஓபிடி வழியாக வேலை நடக்காது. இம்மொபிலைசர் பெட்டியையோ எஞ்சின் கம்ப்யூட்டரையோ கழற்றி, உள்ளே உள்ள நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுத வேண்டும். கை தவறினால் கம்ப்யூட்டரே போகும். அதன் விலைக்கு முன்னால் ஷோரூம் சாவி விலை ஒன்றுமே இல்லை. ஓடும் சாவி இருக்கும்போதே இரண்டாவதைப் போடுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, வண்டியின் பேட்டரி பலவீனமாக இருக்கும்போது பதிவில் பாதியில் மின்சாரம் இறங்கினால் வம்பு. நல்ல கடைக்காரர் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பார்ப்பார், தேவைப்பட்டால் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பார்க்காதவரிடம் நீங்களே கேளுங்கள்.

சில கடைகள் பழைய சாவியின் சிப்பை அப்படியே நகலெடுத்துத் தரும். வண்டியின் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம் என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவி. நாளைக்கு ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியாக அழிக்க முடியாது. பில்லில் "நகல்" என்பதா "பதிவு" என்பதா என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆர்.சி. கேட்காமல் சாவி போட்டுத் தரும் கடையில் போடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் வேறு யாரிடமும் கேட்க மாட்டார்.

இது யாருக்கு: வாரன்டி முடிந்த, சாவி போட்டுத் திருப்பும் வண்டிகள். கம்பெனியே கடையைக் கட்டிவிட்டுப் போன மாடல்கள். அவசரத்தில் இருப்பவர்கள்.

## ஆன்லைனில் வாங்கி நாமே

இதைப் பலர் மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டியதில்லை. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

வாங்கலாம் என்பது சாவிக் கூடு. ரிமோட்டின் ரப்பர் பட்டன் கிழிந்து, பிளாஸ்டிக் உடைந்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் புதுச் சாவியே தேவையில்லை. உங்கள் மாடலுக்கான வெற்றுக் கூட்டை வாங்கி உள்ளே இருப்பதை மாற்றினால் சரி. இதில் பலர் மாட்டுவது ஒரே இடத்தில். பச்சை நிற சர்க்யூட் போர்டை மட்டும் எடுத்து மாற்றிவிட்டு, பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. கறுப்பாக, விரல் நகத்தில் பாதி கூட இல்லாத ஒரு துண்டு, கூட்டின் ஒரு மூலையில் செருகியிருக்கும். அது குப்பையோடு போனால் கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பாது. புதுக் கூட்டில் வண்டி இரண்டு மூன்று முறை ஸ்டார்ட் ஆகும் வரை பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சில ஃபோர்டு வண்டிகளில் பதிவு செய்த சாவி இரண்டு கையில் இருந்தால், மூன்றாவதை மெஷின் இல்லாமல் உரிமையாளரே பதியலாம். செய்முறை வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். மொத்தம் 8 சாவி வரை பதியலாம். இரண்டு சாவி இருக்கும்போது சும்மா கிடைக்கும் இந்த வசதி, ஒன்று தொலைந்த மறுநாள் போய்விடும். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

வாங்கக் கூடாதது, மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்கும் முழு ரிமோட் சாவி. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சிப் மாறியிருக்கும். 46, 47, 48 என்று சாவிக் கடைக்காரர்கள் எண் சொல்வார்கள். தப்பான எண்ணை வாங்கினால் எந்த மெஷினாலும் பதிய முடியாது. ஒருமுறை வெட்டிய சாவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வேறு வண்டியில் இருந்த பழைய ஸ்மார்ட் கீயும் அப்படித்தான். பெரும்பாலானவை முதல் வண்டியோடு பூட்டப்பட்டிருக்கும்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு சிக்கன வழி: சிப் இல்லாத வெறும் உலோகச் சாவி ஒன்று வெட்டி வீட்டிலோ பர்ஸிலோ வைத்துக்கொள்வது. எந்தச் சாவிக் கடையிலும் சில நூறு ரூபாய்தான். எஞ்சின் கிளம்பாது, ஆனால் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட நாளில் கண்ணாடியை உடைக்காமல் காப்பாற்றும். குழந்தை உள்ளே இருக்கும்போது கதவு பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த வண்டிக்காரருக்கும் இதை நான் சிபாரிசு செய்வேன், இரண்டு சாவி இருந்தாலும்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | ஷோரூம் | சாவிக் கடை | ஆன்லைன் + பதிவு |
|---|---|---|---|
| சிப் சாவிச் செலவு (தோராயம்) | ரூ. 3,000–8,000 | ரூ. 1,500–4,000 | சாவி மலிவு, வெட்டுக்கூலியும் பதிவுக்கூலியும் தனி |
| ஸ்மார்ட் கீ | நம்பகமானது, விலை அதிகம் | மாடலைப் பொறுத்தது | வேண்டாம் |
| காத்திருப்பு | சில நாள் முதல் சில வாரம் | பெரும்பாலும் அதே நாள் | டெலிவரி + கடைக்கு அலைச்சல் |
| எல்லாச் சாவியும் தொலைந்தால் | முடியும், லாக் செட் செலவு வரலாம் | முடியலாம், கம்ப்யூட்டரைக் கழற்றும் ஆபத்து | உதவாது |
| பழைய சாவியை அழிப்பது | கேட்டால் செய்வார்கள் | கேட்டால் செய்வார்கள், நகலில் முடியாது | முடியாது |
| காப்பீட்டுக்கு ரசீது | உறுதி | கேட்டு வாங்க வேண்டும் | பொருளுக்கு மட்டும் |
| கம்பெனி போய்விட்ட வண்டி | தாமதம் | முதல் தேர்வு | கூடு மாற்ற மட்டும் |

## இனி சின்னச் சின்ன மேம்பாடுகள்

சென்னையில் இதற்கு ஜி.பி. ரோடு என்றுதான் கை காட்டுவார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் முதல் ஸ்டீரியோ வரை கிடைக்காதது இல்லை. மற்ற ஊர்களிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். இதற்குப் போட்டி ஷோரூம் ஆக்சஸரீஸ் பிரிவு. விலை வித்தியாசம் கண்ணைக் கட்டும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே முடிவு கிடையாது.

ஸ்டீரியோவும் ரிவர்ஸ் கேமராவும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "என் மாடலுக்கான கப்ளர் இருக்கிறதா?" கப்ளர் என்றால் வண்டியின் ஒரிஜினல் சாக்கெட்டில் அப்படியே செருகும் ஒயர் தொகுப்பு. அது இருந்தால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம். நாளைக்குப் பழைய ஸ்டீரியோவையே திருப்பி மாட்டலாம். இல்லையென்றால் வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள். மே மாத வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, ஒரு வருஷத்தில் முறுக்கு வெளியே தெரியும். எலக்ட்ரிக்கல் வாரன்டியை மறுக்க சர்வீஸ் சென்டருக்கு அந்த ஒரு முறுக்கு போதும். ஆகவே வாரன்டி உள்ள வண்டி என்றால் ஷோரூம், அல்லது கப்ளர் காட்டி மாட்டும் சந்தைக் கடை. வாரன்டி முடிந்த வண்டிக்கு சந்தைக் கடையே நல்ல தேர்வு, அதே பொருள் கணிசமாக மலிவு. ஸ்டீயரிங் பட்டன்கள் புது ஸ்டீரியோவோடு பேசுமா என்று மட்டும் பணம் கொடுப்பதற்கு முன் உறுதி செய்யுங்கள். அதற்கான டப்பாவுக்குத் தனிக் காசு கேட்பார்கள்.

2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால், சென்சார் தேடி அலைவது பெரும்பாலும் அதற்கு முந்தைய வண்டிகள்தான். பம்பரில் துளை போடும் வேலை அது, திருப்பி எடுக்க முடியாது. கேமரா மட்டும் போதும் என்பது என் எண்ணம்.

ஹெட்லைட். திண்டிவனம் நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று தெரியும். எதிரே வருபவர் கண்ணைக் குத்தும் வெள்ளை எல்.இ.டி. போட்டிருப்பார், நாமும் போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். எச்4 ஹாலஜன் பல்பின் இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை வடிவமைத்திருக்கிறார்கள். அதில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் சாலையில் விழாமல் நாலாபக்கமும் சிதறும். எதிரே வருபவருக்குக் கண் கூசும், உங்களுக்கும் தூரம் தெரியாது. 100/90 வாட் பல்பு இன்னொரு தவறு. வண்டியின் ஒயரும் சுவிட்சும் 60/55 வாட்டுக்கு ஏற்றவை, சூட்டில் உருகும். முதலில் மஞ்சளாகிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்யுங்கள். பிறகு நல்ல கம்பெனியின் 60/55 வாட் பல்பு, கூடவே பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ரிலே ஒயரிங். நீண்ட பழைய ஒயரில் வழியிலேயே குறையும் வோல்டேஜ் பல்புக்கு முழுசாகப் போய்ச் சேரும். வித்தியாசம் முதல் இரவிலேயே தெரியும். ரிலேவும் ஃபியூஸும் கப்ளரோடு வரும் செட்டைக் கேளுங்கள். இது சந்தைக் கடை வேலை.

டேஷ்கேம், அதாவது முன் கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமரா. இது ஒன்றைத்தான் ஆன்லைனில் வாங்கி நீங்களே மாட்டுங்கள் என்பேன். லித்தியம் பேட்டரி உள்ளதை விட்டுவிட்டு கெபாசிட்டர் உள்ளதை வாங்குங்கள்; வெயிலில் நிற்கும் வண்டியின் கண்ணாடிச் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டுவது போதும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு வேண்டுமென்று நேரடி இணைப்புக் கொடுத்தால், வோல்டேஜ் குறைந்ததும் தானே அணையும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கால் ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒன்று, 35 ஆம்பியர்-மணி பேட்டரியை ஆறு நாளில் முழுசாகக் காலி செய்துவிடும். வண்டி கிளம்பாமல் போக அதில் பாதி நாளே போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி அசையாது.

புஷ் ஸ்டார்ட் கிட், ரிமோட் ஸ்டார்ட். சாவியும் மேம்பாடும் ஒன்றாகச் சேரும் இடம் இது, என் கடுமையான எதிர்ப்பும் இதற்குத்தான். சாவி போடும் வண்டியில் பட்டன் வைத்துத் தருகிறோம் என்பார்கள். இம்மொபிலைசரை எப்படிச் சமாளிக்கிறார்கள்? உங்கள் ஸ்பேர் சாவியின் சிப்பை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சுருள் பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். வண்டி எப்போதும் "சரியான சாவி உள்ளே இருக்கிறது" என்றே நினைக்கும். திருட்டைத் தடுக்கக் கம்பெனி கொடுத்த பூட்டை நாமே காசு கொடுத்துத் திறந்து வைத்த கதை. போதாததற்கு இரண்டாவது சாவியும் போச்சு. செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஏற்கெனவே இப்படிப் பட்டன் பொருத்தியிருந்தால், இரண்டாவது சாவி அங்கேதான் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. டேஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டனில் கதவு திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் சென்ட்ரல் லாக் கிட் போடலாம். அது கதவு மோட்டாரோடு நின்றுவிடும், இம்மொபிலைசரைத் தொடாது.

சீட் கவருக்கு ஒரு வரி: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவர் மட்டும். முன் பம்பர் கம்பி வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் அது கெடுக்கும். பல சுரம் பாடும் ஹாரனும் விதிப்படி கூடாது.

## காப்பீட்டுக் கணக்கு

பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, கேமரா எல்லாம் பாலிசியில் தானாகச் சேராது. புதுப்பிக்கும்போது பில்லைக் காட்டி மின்சாதனமாகச் சேர்க்க வேண்டும். இந்திய மோட்டார் டாரிஃப் விதிப்படி அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 20,000 ரூபாய் செட்டுக்கு 800 ரூபாய். பில் இல்லாமல் மலிவாக வாங்கியதை இப்படிச் சேர்க்க முடியாது. விபத்தில் ஸ்டீரியோ நொறுங்கினால் அதற்குப் பைசா வராது. பில் இல்லாத விலையோடு பில் உள்ள விலையை ஒப்பிடும்போது இந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## எந்த வண்டிக்கு எது

மூன்று வயதுக்குள் உள்ள, வாரன்டி ஓடும் வண்டி: சாவி ஷோரூமில். ஸ்டீரியோவும் அங்கேயே. டேஷ்கேம் நீங்களே.

ஏழெட்டு வயதான, சாவி போடும் செகண்ட் ஹேண்ட் வண்டி: இதுதான் நம்மில் பெரும்பாலோர் கதை. முந்தைய உரிமையாளர் தெரிந்தவர் என்றால் ஆர்.சி. கேட்டு, பில் கொடுக்கும் சாவிக் கடை. தெரியாதவர் என்றால் ஷோரூம், அல்லது பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்ததை பில்லில் எழுதித் தரும் சாவிக் கடை. ஸ்டீரியோ, ஹெட்லைட் ஒயரிங் இரண்டும் சந்தைக் கடையில், கப்ளரோடு.

கம்பெனி போய்விட்ட வண்டி: உதிரி பாகம் இன்னும் புழக்கத்தில் இருக்கும்போதே இரண்டு சாவி சேர்த்து வாங்கிவிடுங்கள். வருஷம் ஆக ஆகக் கிடைக்காது.

எங்கே செய்தாலும் கடையை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே நின்று இவற்றைச் செய்து பாருங்கள். புதுச் சாவியில் ஒருமுறை, பழைய சாவியில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அரை நிமிஷம் ஓட விடுங்கள். ஸ்டார்ட் ஆகி உடனே அணைகிற வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ரிமோட்டை விட்டுவிட்டு உலோகச் சாவியால் டிரைவர் கதவையும் டிக்கியையும் திறந்து பாருங்கள். ஸ்டீயரிங் லாக் விழுந்து எடுக்கிறதா பாருங்கள். வெட்டு சரியில்லாத சாவி கதவைத் திறந்துவிடும், ஸ்டீயரிங் லாக்கில்தான் சிக்கும். எல்லாம் ஆனதும் சாவி எண்ணைப் போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள். தாளில் எழுதி, வண்டிக்கு வெளியே, வீட்டு அலமாரியில் ஆர்.சி. நகல் இருக்கும் கவரில் வையுங்கள்.